வெங்காயமும் பூண்டும்: உணவா, மருந்தா?

மைசூரு நகரத்துத் தேவராஜ அங்காடிக்குள் நுழையும் தமிழர் எவரும் அங்கே தம் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்டு மகிழாமல் இருக்க இயலாது. வெங்காயத்தை அங்கு 'ஈருள்ளி' என்கின்றனர். பூண்டை 'பெள்ளுள்ளி' என்கின்றனர். இரண்டிலும் நிற்பது நம்முடைய 'உள்ளி' என்னும் பழஞ்சொல்லே. யாழ்ப்பாணத்தார்க்கு உள்ளி என்றால் பூண்டு. குமரி மாவட்டத்தார்க்கு உள்ளி என்றால் சின்ன வெங்காயம். இடத்துக்கு இடம் பொருள் மாறினும், இவ்விரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நம் முன்னோர் தாவர நூலாரின் துணையின்றியே அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும். தாவர நூலார் 'அல்லியம்' எனப் பெயரிட்டுள்ள இவ்வினத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. நம் சமையற்கட்டில் நாள்தோறும் இடம்பெறுபவை வெங்காயமும் பூண்டும் ஆகிய இரண்டே எனலாம்.

இவ்விரண்டையும் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படும் கட்டுரைகளுக்கும் துண்டு வெளியீடுகளுக்கும் அளவில்லை. இதயத்தைக் காக்கும், நீரிழிவை நீக்கும், புற்றுநோயை ஓட்டும், முதுமையைத் தள்ளிப் போடும் என்றெல்லாம் அவை கூறுகின்றன. அக்கூற்றுகளுள் பலவற்றுக்கு அடியில் ஓர் உண்மையான ஆராய்ச்சி இருக்கவே செய்கிறது. ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தினின்று புறப்பட்ட செய்தி வாசகரின் கைக்கு வந்து சேருவதற்குள் வழியில் எதை இழக்கிறது, எதைக் கூட்டிக்கொள்கிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன். அரசாங்க மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவ்வழியின் ஒரு பகுதியில் நானும் நிற்பவன். ஆதலின் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் பொருளின் தன்மையைக் காண்போம். முழுப் பூண்டுப் பல் ஒன்றை முகர்ந்து பார்த்தால் அதில் காரமான மணம் எதுவும் இராது. அதை நசுக்கியவுடனேயே மணம் எழுகிறது. காரணம் யாதெனில், பூண்டின் திசுக்களில் 'அல்லியின்' என்னும் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், 'அல்லியினேஸ்' என்னும் நொதி வேறோர் அறையிலும் பிரிந்து கிடக்கின்றன. நசுக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில விநாடிகளில் 'அல்லிசின்' என்னும் புதுப்பொருள் பிறக்கிறது. அமெரிக்க நாட்டு வேதியியலாரான காவலிட்டோவும் பெய்லியும் 1944-ஆம் ஆண்டில் அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று காட்டினர். அதன் தாய்ப்பொருளான அல்லியினைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஸ்டோலும் ஸீபெக்கும் 1940-களின் இறுதியில் கண்டறிந்தனர். பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்ன வரும்போது செடி ஏந்தும் படைக்கலமே அல்லிசின். நம் நாவுக்கு அது சுவையாயிற்று.

வெங்காயத்திலும் இத்தகைய ஏற்பாடே உண்டு. ஆயினும் அங்குப் பிறக்கும் பொருள் வேறு. அதுவே நம் கண்ணீருக்குக் காரணம். பின்லாந்து நாட்டு அறிஞரும் நோபெல் பரிசு பெற்றவருமான விர்த்தனென் அப்பொருளின் அமைப்பை ஆராய்ந்தார். அதனை உண்டாக்குவதற்கென்றே தனி நொதி ஒன்று வெங்காயத்தில் உண்டு என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கந்தகச் சேர்மங்களேயன்றி, 'குவர்செட்டின்' என்னும் நிறமிச் சேர்மமும் வெங்காயத்தில் மிகுந்துள்ளது. அது சதையின் உட்பகுதியைக் காட்டிலும் தோலை அடுத்த வெளி ஏடுகளில் மிகுதி. தோலோடு இரண்டு ஏடுகளையும் சேர்த்து உரித்து எறியும் வழக்கமுடையோர் இதனை நினைவிற்கொள்வது நன்று. கொதிக்கும்போது குவர்செட்டினின் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். நீரை வடித்துக் கொட்டும் சமையலில் அது இழப்பு; சாம்பாரும் குழம்பும் வைக்கும் நமக்கு அது இழப்பாகாது.

குவர்செட்டின் போன்ற பொருள்களையே 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்கிறோம். நாம் உயிர்க்கும் ஆக்சிஜன் உடலின் உயிரணுக்களில் எரிபொருளை எரித்து ஆற்றலைத் தருகிறது. அவ்வேளையில் நிலைகொள்ளாத சில மூலக்கூறுகளும் தோன்றி, அண்டையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் நாட்பட்ட எண்ணெய் சிக்கெடுப்பதும் இதற்கு உறவான மாற்றங்களே. அத்தாக்குதலைத் தடுக்கவல்ல பொருள்கள் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். சோதனைக் குழாயில் வெங்காயச் சாறும் பூண்டுச் சாறும் இத்தொழிலைச் செவ்வனே செய்கின்றன. அது மறுக்கவியலாத செய்தி. ஆனால் சோதனைக் குழாய்க்கு வயிறு இல்லை, கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. குழாயில் செய்ததை உடலிலும் செய்யும் என்பது தனியே மெய்ப்பிக்க வேண்டிய வேறொரு கூற்று.

இதற்கு ஒரு படிப்பினை உண்டு. பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பானை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று பின்லாந்தில் எதிர்பார்த்தனர். ஏறத்தாழ 29,000 ஆடவரைக் கொண்ட அச்சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தபோது, மாத்திரை உண்டவரிடையே அந்நோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. காரட்டும் கீரையும் உண்போருக்கு நன்மை உண்டு என்பதிலிருந்து, அவற்றின் சாரத்தைப் பிழிந்து மாத்திரையாக்கினால் பன்மடங்கு நன்மை உண்டு என்று முடிவு கட்டுதல் தவறு என்பதை உலகம் அன்று கற்றது. பூண்டுக் குளிகை விற்போர் அதனைக் கற்றதாகத் தெரியவில்லை.

இனி, நம் நாட்டு ஆராய்ச்சிகளைக் காண்போம். மைசூருவில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், செலுவாம்பா மாளிகையில் அமைந்து இன்றும் இயங்கி வருகிறது. அதன் முதல் இயக்குநராக இருந்தவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். நறுமணப் பொருள்கள் உடலுக்கு என்ன செய்கின்றன என்பதை அங்கு டாக்டர் கே. சீனிவாசனும் அவருடைய உடனாய்வாளரும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து வந்தனர். அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

ஒன்று: வேதிப்பொருள் செலுத்தி நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, 3 விழுக்காடு உலர்ந்த வெங்காயத் தூள் கலந்த உணவை எட்டு வாரம் கொடுத்து ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வெலிகளிடம் நோயினால் விளையும் சீர்கேடுகள் தணிந்திருந்தன. இரண்டு: கொழுப்பு மிகுந்த உணவால் பித்தக்கல் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வெங்காயமும் பூண்டும் கொடுத்தபோது, கல் தோன்றுவது 15 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது, இம்முடிவு வெளிவந்தது 2009-இல். மூன்று: நம் மக்களுக்கு மிகவும் வேண்டியதென நான் கருதும் ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. இரண்டு தானியங்களையும் இரண்டு பருப்பு வகைகளையும் பச்சையாகவும் வேகவைத்தும் எடுத்துக்கொண்டு, வயிற்றிலும் குடலிலும் நிகழும் செரிமானத்தைப் போன்றதொரு நிகழ்ச்சியைக் கண்ணாடிக் கலத்தில் நிகழ்த்தி, உடல் ஏற்கத்தக்க நிலைக்கு வரும் இரும்புச் சத்து எவ்வளவு என்று அளந்தனர். பூண்டோ வெங்காயமோ சேர்த்தபோது அவ்வளவு ஏறத்தாழ பத்து விழுக்காட்டிலிருந்து எழுபது விழுக்காடு வரை மிகுந்தது. துத்தநாகச் சத்தும் அவ்வாறே மிகுந்தது.

இங்கு அளவை நோக்குக. பத்துக் கிராம் தானியத்துக்குக் கால் முதல் அரைக் கிராம் பூண்டு. அல்லது ஒன்றரை முதல் மூன்று கிராம் வெங்காயம். நூறு கிராம் தானியத்துக்கு ஒன்றிரண்டு பூண்டுப் பல், அல்லது ஒரு கைப்பிடிக்கும் குறைந்த சின்ன வெங்காயம் என்று கணக்காகிறது. இது மருந்தின் அளவன்று. நம் அன்னைமார் நாள்தோறும் குழம்பில் இடும் அளவு.

இந்தியப் பெண்களுள் 15 வயது முதல் 49 வயது வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்பது 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. தானியத்திலும் பருப்பிலும் இரும்பு இல்லாமலில்லை. அவற்றிலுள்ள பைட்டேட் முதலிய பொருள்கள் அவ்விரும்பைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. அக்கட்டை ஓரளவு தளர்த்தும் பொருள் ஏழையின் அடுப்படியிலேயே கிடக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! எனினும் இச்செய்தியைத் தாங்கிய துண்டு வெளியீடு எதையும் நான் அங்காடித் தெருவில் கண்டதில்லை. பூண்டு மாரடைப்பைத் தடுக்கும் என்னும் வெளியீட்டையோ எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

மாரடைப்பைப் பற்றிய சான்றுகள் எவ்வாறுள்ளன? உதயப்பூர் மருத்துவர் போர்டியா 1970-களில் செய்த ஆராய்ச்சிகள் உலகின் கவனத்தைக் கவர்ந்தன. புனே நகரத்தில் சைநானி முதலியோர் சமணர்களிடையே செய்து 1979-இல் வெளியிட்ட ஆய்வோ மிகவும் நுட்பமானது. வெங்காயமும் பூண்டும் அறவே உண்ணாதோர், சிறிதளவு உண்போர், வாரம் 600 கிராம் வெங்காயமும் 50 கிராம் பூண்டும் உண்போர் என மூவகையினர் ஒரே சமூகத்தில் கிடைத்தனர். ஏனைய உணவு ஏறக்குறைய ஒன்றே. மிகுதியாக உண்போரின் இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்தும், உண்ணாதோரிடம் மிகுந்தும் காணப்பட்டது. ஆனால் ஒரு சமூகத்தில் சமய ஒழுக்கத்தை இறுகப் பற்றியவரும் தளரவிட்டவரும் உணவில் மட்டுமா வேறுபடுவர்? ஆதலின் இத்தகைய ஆய்வு ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்புக் கூறலாகாது.

தீர்ப்புக்கு அணித்தாக வந்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் கார்ட்னர் முதலியோர் நடத்திய சோதனை. கொலஸ்டிரால் ஓரளவு மிகுந்திருந்த 192 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டும், இரு பிரிவுக்கு இருவகைப் பூண்டு மாத்திரைகளும், எஞ்சிய பிரிவுக்கு வெறும் மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தனர். 2007-இல் வெளிவந்த முடிவின்படி, தீய கொலஸ்டிராலில் எப்பிரிவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. வேறு சில சோதனைகளில் சிறு குறைவு காணப்பட்டதுண்டு. எல்லாவற்றையும் கூட்டி நோக்கினால், பூண்டு நல்லுணவு. ஆனால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையின் இடத்தில் அமரத் தகுதியுடையது அன்று என்பதே பெறப்படும்.

இந்த வேறுபாட்டை நான் வெறும் நூலறிவால் உணரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் அலுவலகத்திற்காக வெங்காயமும் நீரிழிவும் பற்றிய வெளியீடு ஒன்றைத் தமிழாக்கினேன். மூலத்தில் 'நீரிழிவுற்ற எலிகளிடம் இரத்தச் சர்க்கரை குறைந்திருப்பது காணப்பட்டது' என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. பக்கம் ஒன்றுக்குள் அடங்க வேண்டும் என்றனர். எலி என்னும் சொல் வாசகருக்கு அருவருப்பாக இருக்குமென நானே எண்ணி அதை நீக்கினேன். 'காணப்பட்டது' என்பது உயிரற்ற நடையாகத் தோன்றியது, அதையும் மாற்றினேன். 'வெங்காயம் நீரிழிவைத் தணிக்கும்' என்று நின்றது. படிக்க இனிமையாக இருந்தது. எவரும் குறை கூறவில்லை.

அச்சான படி ஒன்றை ஊருக்குச் சென்றபோது என் அத்தையிடம் கொடுத்தேன். அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்தவர். அண்ணன் மகன் எழுதியது என்று அதை அலமாரியில் வைத்து, வருவோர்க்கெல்லாம் படித்துக் காட்டினார். மறு தைப்பொங்கலுக்கு நான் சென்றபோது அவருடைய இடக்காலில் துணி சுற்றியிருந்தது. காலைதோறும் பச்சைச் சின்ன வெங்காயம் உண்டு வருவதாகவும், ஆதலால் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும் கூறினார். மருத்துவரைக் கேட்டீர்களா என்றேன். "நீ எழுதினதுதானே அப்பா, அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?" என்றார். அவ்வாண்டு மாசியில் அவருடைய கால்விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தது. அவர் இன்றும் என்னைக் குறை கூறியதில்லை. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று கொள்ளலாம்.

வெங்காயம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. நான் விட்டுவிட்ட சொற்களே செய்தன. எலிக்கு உணவில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்ந்த தூள் என்றால், நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர்நிறை உணவு உண்ணும் மனிதருக்கு அது 15 கிராம் தூள். வெங்காயம் பெரும்பாலும் நீரேயாதலின், பச்சையாக ஏறத்தாழ 100 கிராம். இதை உண்ணல் இயலாததன்று. ஆனால் எலியின் நீரிழிவு ஊசியால் ஒரு நாளில் உண்டானது. என் அத்தையின் நீரிழிவு பல ஆண்டுகளில் வளர்ந்தது. எலிக்கு மாத்திரை எதுவும் நிறுத்தப்படவில்லை. இவ்வளவும் 'எலிகளிடம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

மேலும், பூண்டை மருந்தென்று கொள்வோர், மருந்துக்குரிய எச்சரிக்கையையும் உடன் கொள்ளவேண்டும். பூண்டின் சில பொருள்கள் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கின்றன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும், அறுவை மருத்துவத்துக்கோ பல் பிடுங்குவதற்கோ செல்வோரும் பூண்டுக் குளிகை உண்பதை மருத்துவரிடம் கூறுதல் கட்டாயம். எய்ட்ஸ் நோய்க்குத் தரப்பட்டு வந்த சக்வினவிர் என்னும் மருந்தின் அளவு, பூண்டுக் குளிகை உண்டோரின் இரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2001-இல் கண்டனர். குழம்பில் இடும் இரண்டு பல்லுக்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. செறிவூட்டிய குளிகையின் நிலை வேறு. ஆற்றல் உண்டென்று விளம்பரம் செய்து, பக்கவிளைவு இல்லை என்றும் அதே மூச்சில் கூறுவது பொருந்தாது.

'உணவே மருந்து' என்னும் முதுமொழியை இவ்விடத்தில் பலரும் எடுத்துக்காட்டுவர். அம்மொழியில் எனக்கும் பற்று உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பூண்டைச் சமைத்துக் கொடுக்கும் நம் வழக்கமும், சளிக்குப் பூண்டுப் பால் கொடுக்கும் பாட்டியின் கைப்பக்குவமும் இகழ்ந்து ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆயின் அம்முதுமொழி, நல்லுணவை ஒழுங்காக உண்போருக்கு நோய் வருவது அரிது என்று கூறுகிறதேயன்றி, வந்த நோய்க்கு மருந்தை எறிந்துவிட்டு வெங்காயத்தைத் தின்க என்று கூறவில்லை. உணவின் தொழில் வேறு, மருந்தின் தொழில் வேறு. உணவு வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுக உதவுவது. மருந்து குறித்த நோயைக் குறித்த அளவில் எதிர்ப்பது.

ஆகவே அறிவியற் செய்திகளைத் தமிழில் தருவோர்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஆராய்ச்சி யாரிடம் நடந்தது என்பதை எந்நிலையிலும் விடலாகாது. கலத்திலா, எலியிடமா, மனிதரிடமா, எத்தனை பேரிடம், எத்தனை நாள் என்பவை செய்தியின் உறுப்புகள். இரண்டாவது, அளவையும் பக்குவத்தையும் நம் சமையற்கட்டின் கணக்கில் கூறுதல் வேண்டும். விழுக்காடு வாசகருக்கு விளங்காது, பல்லும் கைப்பிடியும் விளங்கும். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பின்னர் அடுப்பிலிட்டால், நொதி தன் தொழிலை முடித்துவிடுதலால் பயன் முழுதும் அழியாது என்பது போன்ற குறிப்புகள் எவருக்கும் தீங்கு பயவாமல் நன்மை தருவன. மூன்றாவது, வினைமுற்றில் நேர்மை வேண்டும். 'குறைக்கும்', 'குறைக்கலாம்', 'குறைந்திருந்தது' என்னும் மூன்றும் தமிழில் வெவ்வேறு பொருளுடையவை. இத்துணை நுட்பமான வினைகளை உடைய மொழியை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 'தீர்க்கும்' என்று எழுதுவது மொழிக்கும் இழுக்கு, அறிவியலுக்கும் இழுக்கு.

இவ்வாறு எழுதினால் சுவை குன்றும், வாசகர் படியார் என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. மைசூருவின் ஆய்வுக்கூடம் ஒன்றில், நம் வீட்டுச் சோறும் பருப்பும் போன்ற உணவோடு ஒன்றிரண்டு பூண்டுப் பல்லைச் சேர்த்து, உடலுக்குக் கிடைக்கும் இரும்பு மிகுவதை அளந்து கண்டனர் என்னும் செய்தியைவிடச் சுவையானது எது? மனிதரிடம் அது எவ்வளவு பயன் தரும் என்பதை மேலும் ஆராய வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை அதனுடன் சேர்ப்பதால் அச்செய்தி சிறுமையடையாது. அரசினர் தரும் இரும்பு மாத்திரையை உண்ணும் கருவுற்ற தாய், அதனை நிறுத்தாமலே தன் குழம்பில் சின்ன வெங்காயத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அவளுக்கு அதனால் வரக்கூடிய இழப்பு ஒன்றுமில்லை.

தேவராஜ அங்காடியில் ஈருள்ளி வாங்கும்போது இப்போதெல்லாம் அத்தையின் நினைவு வருகிறது. அவர் வெங்காயம் உண்பதை நிறுத்தவில்லை; நிறுத்துமாறு நானும் கூறவில்லை. மாத்திரையை முழு அளவில் உண்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்கிறார். பழைய வெளியீட்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அவ்விடத்தில் வைக்கத்தக்க வேறொன்றை எழுதித் தருவது இனி என் கடமை.